கிழக்கே கடல்

பத்திர வரைவில் நான்கெல்லை இப்படி எழுதியிருந்தது: வடக்கே தென்னந்தோப்பு, மேற்கே ஊராட்சிப் பாதை, தெற்கே ஆற்றுப் புறம்போக்கு, கிழக்கே கடல். ஒரு காட்டாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஒன்றரை ஏக்கர். தொண்டிக்கு வடக்கே, மணமேல்குடிக்குத் தெற்கே என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முன்பண விவகாரம் இன்னும் முடியவில்லை, ஊர்ப் பெயர் வேண்டாம். வாங்க இருந்தவர் என் அம்மான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு ராத்திரியாவது கடற்கரையில் தங்க ஆசைப்படுவார்கள், காலையில் ஆத்தங்குடி, மாலையில் கடல் என்று போட்டால் ஆள் வரும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பில்லை. எனக்கு அந்த நாலாவது எல்லைதான் உறுத்தியது. தோப்பும் பாதையும் இருக்கிற இடத்தில் இருக்கும். கடல் என்றால் எந்த மாதத்துக் கடல்? சித்திரையில் நிற்கிற கடலா, கார்த்திகையில் நிற்கிற கடலா? பத்திர எழுத்தரிடம் கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் சார் எழுதுறாங்க" என்றார். உண்மைதான். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நான் கடல்காரன் இல்லை. பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை பார்க்கிறேன். ஆனால் மணலோடு தினமும் புழங்குகிறவன். எங்கள் கொத்தனார் ஒரு லோடு மணல் இறங்கியதும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, தட்டிவிட்டுக் கையைப் பார்ப்பார். கைரேகையில் மண் ஒட்டி நின்றால் முகம் சுருங்கிவிடும். அப்புறம் கண்ணாடி டம்ளரில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டுக் கலக்கி வைப்பார். மணல் ஒரு நிமிஷத்துக்குள் கீழே போய்விடும். வண்டல் இறங்க மணிக்கணக்கு ஆகும். களிமண் மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். ஆய்வகத்தில் செய்வதும் இதன் விரிவுதான். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.0625 மில்லிமீட்டர் வரை மணல், அதற்குக் கீழே 0.004 வரை வண்டல், அதைவிடப் பொடி என்றால் களிமண். 1922-இல் வென்ட்வொர்த் வகுத்துக் கொடுத்த அளவுகள் இவை. நூறு வருஷம் கழித்தும் உலகம் முழுக்கக் கடற்கரை மண்ணை இப்படித்தான் பிரிக்கிறார்கள். இதைப் படித்த பிறகு கொத்தனாரின் கட்டைவிரல் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது.

செட்டிநாட்டுக்கு எல்லை சொல்லும்போது பெரியவர்கள் வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே வங்கக்கடல் என்பார்கள். அங்கேயும் கிழக்கே கடல்தான். ஆனால் நம் நகரத்தார் ஆட்களுக்குக் கடல் என்றால் இரண்டே நினைவு. ஒன்று, கப்பலேறிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனது. இன்னொன்று காவிரிப்பூம்பட்டினம். வீட்டுக்கு இத்தனை உயரமாக ஏன் அடித்தளம் போட்டார்கள் என்று கேட்டால், பூம்புகாரைக் கடல் கொண்ட பயம் என்று ஆச்சிமார் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பெருமழைத் தண்ணீர் வாசலுக்கு ஏறாமல் இருக்கவும், தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்க்கவும்கூட அந்த உயரம் உதவும். எது எப்படியோ, பூம்புகார் ஓர் ஆற்றுமுகத்து ஊர். இன்று காவிரி அங்கே ஒரு வாய்க்கால் அகலத்தில்தான் கடலைத் தொடுகிறது. ஆறும் கடலும் சேர்ந்து இடத்தை மாற்றிப் போட்டதால் ஊரை விட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்கிற கூட்டம், மறுபடி ஓர் ஆற்றுமுகத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கப் போகிறது. அம்மானிடம் இதைச் சொன்னேன். "அது ரெண்டாயிரம் வருசக் கதைடா, நம்ம பத்திரம் இந்த வருசம்" என்று சிரித்தார்.

தரகர் காட்டிய கரை

தரகர் இடத்தைக் காட்டியது சித்திரையில். கடற்கரை மனை காட்ட அதைவிட நல்ல மாதம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பாக் விரிகுடாக் கரையில் பல இடங்கள் வெறும் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். மணல் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுமுகத்துப் பக்கம் போக வேண்டும். அன்றைக்கு முகம் அடைந்து கிடந்தது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்மேடு. ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே வடகரையிலிருந்து தென்கரைக்குப் போனார். உள்ளே தேங்கிய ஆற்றுத் தண்ணீர் பச்சை பிடித்து அசையாமல் நின்றது. கடல் பக்கமும் அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. விரிகுடா ஆழமில்லாதது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாவைப் புரட்டி எடுக்கும் பெரிய அலைகளை இலங்கையும் ராமேசுவரம் தீவும் இந்தப் பக்கம் விடுவதில்லை. கச்சான் என்கிற அந்தத் தென்மேற்குக் காற்றும் இங்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையைக் கரைக்கிற வேலை எல்லாம் வாடைக்குத்தான். ராமேசுவரத்துக்காரர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துப் பேசுவதும் இதனால்தான்: ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

தரகர் காலால் எட்டு வைத்து அளந்தார். "தண்ணி வரைக்கும் நூத்தி எம்பது அடி பீச்சு சார்." அம்மான் முகத்தில் அந்த இடத்திலேயே நாற்காலி, குடை, விளக்கு எல்லாம் போட்டாயிற்று. எனக்கு அந்த நூற்றெண்பது அடி ஒரே மாதிரியாகத் தெரியவில்லை. மேலே கொஞ்ச தூரம் உலர்ந்த, கால் புதைகிற மணல், நல்ல சரிவு. அதற்குக் கீழே தட்டையான, ஈரமான, நண்டு வளையும் புழு மண்ணும் சிதறிக் கிடக்கிற வெளி. அளந்து பார்க்க ஆசை வந்தது. எமரி என்ற கடல் புவியியலாளர் 1961-இல் சொன்ன ஒரு வழி உண்டு. காசு செலவே இல்லை. ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகள், நடுவில் ஒரே நீளத்துக்கு ஒரு கயிறு. இரண்டையும் செங்குத்தாக நிறுத்தி, கரைப்பக்கத்துக் கம்புக்குப் பின்னால் நிற்கிறவர் கடல்பக்கத்துக் கம்பின் நுனியைத் தொடுவானத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு தன் கம்பில் நுனிக்கு எத்தனை விரற்கடை கீழே வெட்டுகிறதோ, அத்தனை இறக்கம். அப்படியே கம்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தண்ணீர் வரை போனால் கரையின் வடிவம் நோட்டில் கோடாக விழுந்துவிடும். ரசமட்டம் வேண்டாம், டியூப் வேண்டாம். கடலே மட்டப்பலகை.

கோடு காட்டியது இது. மேலே நாற்பது அடி தூரத்துக்கு, எட்டடிக்கு ஓரடி என்று சரிவு. மிச்சம் நூற்றுநாற்பது அடிக்கு ஐம்பதடிக்கு ஓரடி இறங்கினாலே பெரிது. ஆற்றுமுகத்துக் கரைகளுக்கு இது வழக்கமான வடிவம்: அலை பலமில்லாததால் மேலே குறுகலான ஒரு சரிவு, கீழே அகலமான தட்டை. தரகர் விற்றுக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்தத் தட்டையைத்தான்.

இதில் ஒரு விஷயம் கரையில் நிற்கிற எவருக்கும் கண்ணில் படாது. கடலின் மட்டமே வருஷம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. அலையையும் ஏற்ற வற்றத்தையும் கழித்துவிட்டுச் சராசரி பார்த்தாலும், தமிழ்நாட்டுக் கரையில் பங்குனி, சித்திரையில் மட்டம் தாழ்ந்தும் ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் நிற்கும். சென்னையில் வித்தியாசம் சுமார் ஓரடி. காரணம் கடலோர நீரோட்டம். மாசிக்கு மேல் அது கரையோரமாக வடக்கே ஓடும். ஐப்பசிக்கு மேல் திரும்பித் தெற்கே ஓடும். பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, நம் பக்கத்து உலகில் ஓடுகிற நீர் வலது கைப்பக்கம் ஒதுங்கும். தெற்கே ஓடும்போது வலது கைப்பக்கம் நம் கரை. தண்ணீர் கரையில் ஏறி நிற்கும். வடக்கே ஓடும்போது கரையை விட்டு விலகும். ஓரடிதானே என்று தோன்றும். ஐம்பதுக்கு ஒன்று சரிவில் ஓரடி என்றால் ஐம்பதடிக் கரை. அதோடு பௌர்ணமி ஏற்றமும், வாடை தள்ளிக்கொண்டுவரும் தண்ணீரும் சேர்ந்தால் தட்டை முழுசும் கடலுக்குள். ஒரு பிடி மணலை யாரும் அள்ளாமலே, ஒரு புயலும் அடிக்காமலே, நூற்றெண்பது அடி நாற்பது அடி ஆகிவிடும். இதை நான் சொன்னபோது தரகர், "அதெல்லாம் புக்குல போட்டிருப்பாங்க சார்" என்றார்.

முகம் திறந்த நாள்

கார்த்திகையில் நல்ல மழை. ஊரில் கண்மாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிரம்பி வழிந்து மறுகால் போய்க்கொண்டிருந்தன. நான் இடத்தைப் பார்க்கப் போனபோது முகம் இன்னும் அடைத்தபடியே இருந்தது. உள்ளே ஆறு ஏறி நின்றது. சித்திரையில் பச்சையாகக் கிடந்த குட்டை இப்போது செம்மண் நிறத்தில் தென்னந்தோப்பின் வேலி வரை வந்துவிட்டது. மேட்டின் மேல் ஒரு கூட்டம். வயல்காரர்கள் உடனே வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள், நெல் தண்ணீருக்குள் நிற்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் வற்றம் தொடங்கட்டும் என்கிறார்கள். கடல் இறங்கும்போது வெட்டினால்தான் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும், ஏறும்போது வெட்டினால் கடல் மணலைத் தள்ளித் திரும்ப அடைத்துவிடும் என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். கடைசியில் அவர் பேச்சுதான் நின்றது.

மதியத்துக்கு மேல் நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வெட்டியது பெரிய கால்வாய் ஒன்றுமில்லை. ஒரு ஆள் கால் வைத்து நடக்கிற அகலம். ஆற்றுத் தண்ணீர் அதில் நுழைந்து, தயங்கி, மணலில் உறிஞ்சப்பட்டு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினார்கள். இந்தத் தடவை தண்ணீர் ஒரு சாண் அகலத்தில் கடல் வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த கால் மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் போன் பார்க்க ஆரம்பித்திருந்தேன். பிறகு ஓரங்கள் விழத் தொடங்கின. முதலில் கையளவு, பிறகு பலகை பலகையாக. மணல் சரிந்து விழுகிற சத்தம் கேட்கிறதோ இல்லையோ, தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்; விழுந்த குவியல் கீழே தங்குவதே இல்லை. வேகம் கூடக்கூட அகலம், அகலம் கூடக்கூட வேகம். ஓடும் தண்ணீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டிக்கொண்டு போகிற மணல் இரட்டிக்காது, எட்டு மடங்கோ அதற்கு மேலேயோ ஆகும். அதைக் கணக்காகப் படிப்பது வேறு. நீங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தைவிட்டு நாலு தடவை பின்னால் நகர்ந்து, நகர்ந்த இடமும் போவதைப் பார்ப்பது வேறு. சாயங்காலம் வெளிச்சம் குறைவதற்குள் முகம் ஒரு தெரு அகலத்துக்கு மேல் திறந்துவிட்டது. நடுவில் தண்ணீர் மேடு மேடாக எழும்பி நின்ற இடத்திலேயே கொதித்தது. கடலுக்குள் வெகுதூரம் வரை செந்தவிட்டு நிறம்.

டிவிஎஸ் எக்ஸெல் போன வழி போய்விட்டது. தரகர் எட்டு வைத்து அளந்த இடத்தில் பாதியும் அதோடு போனது. நான் பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "இவ்வளவு மணலும் வீணாப் போச்சே அண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "போன மணல் இல்ல தம்பி, வெளிய போட்டு வச்சிருக்கு. வாடை அடங்கட்டும், பங்குனிக்குள்ள திரும்ப வந்துரும். ஆனா இதே எடத்துக்கு வருமான்னு மட்டும் கேக்காதீங்க."

அந்த ஒரு பதிலில் எனக்கு விஷயம் முழுசும் இருந்தது. அதுவரை நான் கரை அரிக்கிறதா வளர்கிறதா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கரையைக் கணக்குவழக்காகப் பார்க்கிறார், வரவு ஒரு பக்கம், இருப்பு ஒரு பக்கம். வெள்ளம் வெட்டி எடுத்த மணல் முகத்துக்கு நேரே, தண்ணீருக்குள் ஒரு விசிறி வடிவத்தில் மேடாகப் படிகிறது. வாடைக்கால அலைகள் அந்த மேட்டில் மோதி உடைகின்றன. கரைக்கு வருவது மிச்சம்தான். அந்த மேடு இல்லாவிட்டால் அலை நேராகக் கரையில் வந்து விழும். வாடை அடங்கிய பிறகு சிற்றலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளி முகத்தைத் திரும்ப அடைக்கின்றன. ஆனால் நடுவில் வாடை சும்மா இருப்பதில்லை. வடகிழக்கிலிருந்து சாய்வாக வரும் அலை மணலைத் தெற்கே நகர்த்துகிறது. வடகரை மணல் நாக்கு நீண்டு, ஆற்றின் வாயைத் தெற்கே ஒதுக்குகிறது. திரும்ப வருகிற கரை அதே கரைதான், இடம் வேறு. ஒரு நிலத்தின் முன்னால் போன கரை இன்னொருவர் நிலத்தின் முன்னால் வந்து நிற்கும்.

குழியில் தெரிந்தது

மாசியில், பொங்கல் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். முகத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றுப்பக்கத்துக் கரையில் இடுப்பளவு ஒரு குழி. ஓரத்தைக் கரண்டியால் செதுக்கிச் சமப்படுத்தினால் அடுக்குகள் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் வீட்டுச் சுவரை உடைத்தால் சுண்ணாம்புப் பூச்சு ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அப்படி. மேலே ஒரு சாண் வெளிர் மணல், நைசாக. அதன் கீழே விரல் தடிமனுக்கு வழவழப்பான செம்பழுப்புச் சேறு, கார்த்திகை வெள்ளத்தின் கணக்கு. அதற்குக் கீழே கிளிஞ்சல் துண்டுகளோடு பருமணல். அதற்கும் கீழே கரும்சாம்பல் நிறத்தில், அழுகிய முட்டை வாடையோடு, கடல்தாழை என்கிற கடற்புல்லின் இழைகள் பின்னிக் கிடக்கிற சேறு. வாடையில் கடல்தாழை கட்டுக்கட்டாக ஒதுங்கும். மணல் அதை மூடிவிட்டால் காற்றுப் புகாமல் கறுத்துப் போய்விடும். அந்தத் தாழைப் படுகைகள்தான் விரிகுடாவின் அடிச்சேற்றைப் பிடித்து வைத்திருப்பவை, ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அவற்றில்தான். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று ஒதுக்கினார்கள். கரையில் நாறுகிற குப்பை என்று நாம் ஒதுக்குவதற்கு அப்படி ஒரு வேலை இருக்கிறது.

அடுக்கை எண்ணி வருஷம் சொல்லிவிடலாம் என்று உற்சாகமாக ஆரம்பிக்கக் கூடாது. ஒரு பலத்த வாடை பழைய இரண்டு மூன்று அடுக்கைச் சேர்த்துச் சுரண்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒரே மழையில் இரண்டு அடுக்கு விழுந்திருக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு வேதாரண்யம் கரை சேறாகக் கிடந்தது ஞாபகமிருக்கும். ஒரே ராத்திரியில் விழுந்த சேறு அது. நாளைக்கு அங்கே குழி வெட்டுகிறவன் அதைப் பல வருஷக் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

சேறு ஏன் ஆற்றுப்பக்கம் மட்டும் தங்குகிறது, கடல் பக்கத்தில் ஏன் இல்லை? பாதிப் பதில் சுலபம். கடல் பக்கம் அலை சலித்துக்கொண்டே இருக்கிறது. நைசான துகளை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பருமணலையும் கிளிஞ்சலையும் விட்டுவைக்கும். வாடை முடிந்ததும் மேல்கரையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. கனமான கருந்துகள்கள், அலையால் தூக்க முடியாமல் விட்டுப் போனவை. மீதிப் பதில் டம்ளரில் கிடைத்தது. ஒரே சேற்றை இரண்டு டம்ளரில் கலக்கி வைத்தேன், ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர். மழைத்தண்ணீர் டம்ளர் மறுநாளும் தேநீர் நிறத்தில் நின்றது. கடல் தண்ணீர் டம்ளரில் கொஞ்ச நேரத்திலேயே துகள்கள் திரிதிரியாகச் சேர்ந்தன. ராத்திரிக்குள் மேலே தெளிந்துவிட்டது. களிமண் துகள்கள் நல்ல தண்ணீரில் ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். உப்பு பட்டதும் அந்த விலக்கம் போய், ஒட்டிக் கனத்து, இறங்கிவிடும். ஆறு கொண்டுவருகிற செம்மண் கடலைத் தொடுகிற இடத்திலேயே, அலை படாத உள்கரையில் விழுவது இதனால்தான். அந்த டம்ளர்களை அம்மான் வீட்டு முகப்பிலேயே வைத்திருந்தேன். கம்புக்கும் கோட்டுக்கும் அசையாதவர், இதைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம ஊரு மண்ணாடா?" என்றார்.

நம்ம ஊரு மண்தான். ஆனால் எல்லா மண்ணும் அங்கே போவதில்லை. சிவகங்கைச் சீமையின் மழைத்தண்ணீர் நேராகக் கடலுக்குப் போவதே கிடையாது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய், அது நிறைந்து அதற்கடுத்தது. மண் ஒவ்வொரு கண்மாயிலும் தங்கிவிடும். கோடையில் வண்டல் அடிக்கிறார்களே, அதுதான். கடைசிக் கண்மாயும் மறுகால் போனால்தான் ஆற்றுக்கு வேகம் வரும், முகம் திறக்கும், மணல் இடம் மாறும். மறுகால் போகாத வருஷத்தில் கரை அசையாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனதே, அந்த மாதிரி வருஷங்களில் மணல்மேடு கெட்டிப்பட்டு, அடப்பங்கொடி படர்ந்து, பார்க்கிறவனுக்கு ஆண்டாண்டு காலமாக அப்படியே இருக்கிற நிலமாகத் தெரியும். மனை விற்க அதைவிட நல்ல சமயம் வருமா? காரைக்குடியில் மழை பொய்த்தால் கடற்கரையில் நிலம் வாங்குகிறவன் ஏமாறுவான் என்று நான் சொன்னால் சம்பந்தமில்லாமல் இருக்கிறது என்பார்கள். சம்பந்தம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் புது அறிவிக்கைகள். ஆற்றுக்குள் கடலின் எல்லை எதுவரை என்பதற்கு அதில் ஒரு நல்ல விதி இருக்கிறது: வருஷத்தின் மிக வறண்ட காலத்தில், தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கிற இடம் வரை. எந்தப் பருவத்தில் அளக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது, யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கரையில் போடுகிற உயர் ஓதக் கோட்டுக்குப் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் நிலத்தில் எட்டுகிற உச்சக் கோடு என்பதுதான் விளக்கம். சித்திரைப் பௌர்ணமி ஏற்றமா, கார்த்திகைப் பௌர்ணமி ஏற்றமா என்று அதில் இல்லை. பாறைக் கரையில் இதனால் ஒன்றும் குடிமுழுகாது. ஐம்பதுக்கு ஒன்று சரிகிற ஆற்றுமுகத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டலே கட்டலாம். நாட்டின் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருப்பதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்துச் சொல்கிறது. அவசியமான வேலைதான். ஆனால் செயற்கைக்கோள் படத்துக்கு மேகமில்லாத நாள் வேண்டும். எங்கள் கரை உருமாறுகிற ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும். வருஷங்களுக்கு இடையே நடப்பதை அந்தப் படங்கள் பிடிக்கும். ஒரு வருஷத்துக்குள் நடப்பதைக் கரையில் கம்பு வைத்து அளக்கிறவன்தான் பிடிக்க முடியும். ஆற்றுமுகத்தில் எதை முடிவு செய்தாலும் பங்குனியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று இரண்டு கோடு போட்ட பிறகே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இதற்குத் தனியாகத் துறை வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு கம்பும் கயிறும் கொடுத்தால் செய்துவிடுவார்கள்.

அம்மான் அந்த நிலத்தை விட்டுவிட்டார். முன்பணத்தில் பாதி வந்தது, மீதிக்குத்தான் இழுபறி. வேறொருவர் வாங்கிச் சித்திரையிலேயே கடல் பக்கம் கருங்கல் சுவர் எழுப்ப ஆரம்பித்துவிட்டார். மணல் சரிவில் அலை ஏறி ஓய்ந்து இறங்கும். சுவரில் மோதினால் திரும்பி விழுந்து அடியில் இருக்கிற மணலைத் தோண்டும். அவரிடம் யார் போய்ச் சொல்வது? நான் போகவில்லை, தரகரின் ஆள் என்று நினைப்பார்.

"உன் கணக்குப்படி பாத்தா கடலோரத்துல ஒருத்தனும் ஒண்ணும் கட்ட முடியாது" என்று அம்மான் குறைப்பட்டுக்கொண்டார். கட்டலாம், பின்னால் தள்ளி. எவ்வளவு தள்ளி என்றால், அங்கே இருக்கிறவர்களின் வீட்டைப் பார்த்தால் போதும். மீன்காரர் வீடு ஒன்றுகூட அந்த நாற்பது அடிச் சரிவுக்குப் பக்கத்தில் இல்லை. வலைக்கொட்டகை மட்டும்தான், அதுவும் ஓலையில், பிரித்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. வீடுகள் எல்லாம் பழைய பனைகளுக்குப் பின்னால். பனை மெதுவாக வளர்கிற மரம். நாற்பது ஐம்பது அடி உயரத்துக்கு ஒரு வரிசை நிற்கிறது என்றால் ஒரு தலைமுறைக்கு மேலாக அந்த இடத்தில் ஆறு வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். கோடு போடுகிறவர்கள் முதலில் அந்த வரிசையில் போய் நிற்கலாம்.

இப்போது அந்தப் பனை வரிசைக்கு மேற்கே ஒரு நிலம் பேச்சில் இருக்கிறது. விலை பாதிதான், கடல் தெரியாது, மொட்டைமாடிக்குப் போனால் தெரியும். கடைசிக் கண்மாயின் மறுகால் அந்த நிலத்தை வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்க்கச் சொன்னார் அம்மான். இந்த அளவுக்குக் கேள்வி கேட்கப் பழகிவிட்டார். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எடுத்துப் பார்த்தேன். வரைபடத்தில் வாய்க்கால் இல்லை. நிலத்தில் இருக்கிறது.